கடம்பூர், ஐப்பசி, மழை, அரை நாள்

எங்கள் ஊர் ஏ.டி.எம்.மில் பழைய நாட்கள் வரும். பணம் வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் போக வேண்டும்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். காய்கறி வாங்கப் பணம் எடுக்கலாம் என்று கார்டைச் சொருகி, ரகசிய எண்ணை அழுத்திவிட்டு நிற்பார்கள். மிஷின் கடகடவென்று எண்ணி, அவர்கள் எப்போதோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட ஒரு செவ்வாய்க்கிழமையை வெளியே தள்ளும். காய்கறிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல நாள்தான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மற்றபடி நடைமுறையெல்லாம் எங்கும் உள்ளதுதான். தமிழா ஆங்கிலமா என்று முதலில் கேட்கும். பிறகு சேமிப்பா நடப்பா என்று கேட்கும். நடப்பை அழுத்தினால் இன்றைய நாளே வரும். அது ஏற்கனவே கையில் இருப்பதால் யாரும் அதை அழுத்துவதில்லை. முழு நாள், அரை நாள், ஒரு மணி நேரம் என்று அளவுகள் உண்டு. வாரக் கடைசியில் சின்ன அளவுகள் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர் முழு நாளை எடுத்துக்கொண்டு, எதிரே அய்யாக்குட்டியின் டீக்கடையில் போய்ச் சில்லறை மாற்றுவார். அய்யாக்குட்டியின் கல்லாவில் எப்போதும் சில மத்தியானங்கள் கசங்கிக் கிடக்கும். கிழிந்த நாள் வந்தால் வங்கியில் மாற்றித் தருவார்கள். விடியலும் அந்தியும் சேதமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுப்பகலில் கிழிசல் இருந்தால் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

எடுத்த நாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் விரித்தால், தன் அளவு தீரும் வரை அது வீட்டில் நிற்கும். பிறகு போய்விடும். போன நாள் மறந்தும் போகும். கணக்கில் கழித்துவிட்டார்கள் அல்லவா. அதனால் கல்யாண நாள், முதல் சம்பள நாள் போன்றவற்றைப் போட்டு வைப்பார்களே தவிர யாரும் எடுக்க மாட்டார்கள். அவ்வப்போது போய் இருப்பு மட்டும் பார்ப்பார்கள். திரையில் அந்த நாளின் பெயர் தெரியும். பார்த்துவிட்டு, ஏ.சி.யில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வருவார்கள். எடுப்பதெல்லாம் ஒன்றும் நடக்காத நாட்களைத்தான்.

அக்னி நட்சத்திரம் தொடங்கினால் மிஷினில் கூட்டம் தாங்காது. எல்லோருக்கும் ஐப்பசி, கார்த்திகை வேண்டும். மூட்டம் போட்ட ஒரு அரை நாளை விரித்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடும். மின்விசிறியும் மிச்சம்.

அப்படி ஒரு காலையில்தான் நான் போனேன். என் பெயர் மந்திரமூர்த்தி. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பூரணம் வாசல்வரை வந்து, "நல்ல மழை நாளா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. முழுசா வேண்டாம், சாயங்காலம் துணி காயப் போடணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

கண்ணாடிக் கதவில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று எழுதியிருக்கும். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் உள்ளேதான் நிற்போம். ஒருவர் தனியாகப் பொத்தான்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஆளுக்கு ஒரு பொத்தானை அழுத்திக் கொடுப்போம். பஸ்ஸில் டிக்கெட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி சீட்டுக்கு அனுப்புவார்களே, அந்தப் பழக்கம்தான். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

என் கார்டைத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் குருவம்மாள் வாங்கிச் சொருகினாள். அய்யாக்குட்டி தமிழை அழுத்தினார். ரகசிய எண்ணை நான் போட்டேன். அப்போது எல்லோரும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கடைசி எண்ணில் தயங்கியபோது பின்னாலிருந்து ஒருவர் அதைச் சொல்லிக் கொடுத்தார். திரையில் என் மழை நாட்கள் வரிசையாக வந்தன. கீழே இருப்பதில் ஒன்றை எடுக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன்.

"பழசா எடுங்க அண்ணாச்சி. பழசுன்னா மழை கெட்டியா இருக்கும்" என்று குருவம்மாள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை அழுத்தினாள். 'கடம்பூர், ஐப்பசி, மழை, அரை நாள்' என்று திரை கேட்டது.

"அது வேண்டாம்மா" என்றேன்.

அதற்குள் அய்யாக்குட்டி 'சரி'யை அழுத்தியிருந்தார்.

மிஷினுக்குள் மழை பெய்தது. தகரத்தில் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மண் வாசனை வந்தது. எண்ணி முடித்து வாய் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் இருந்தது. பிறகு சீட்டு வந்தது. நாள் வழங்கப்படவில்லை, ஆனால் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. எல்லோரும் வாங்கிப் படித்தார்கள்.

"வேலை நாள் சிலது போனா தானா ஏறிரும் அண்ணாச்சி. எனக்கும் ஒரு தீபாவளி இப்படித்தான் நின்னுச்சு" என்றார் அய்யாக்குட்டி. 'வேறு பரிவர்த்தனை வேண்டுமா' என்று மிஷின் கேட்டது. யாரோ வேண்டாம் என்று அழுத்தினார்கள்.

அது நானும் பூரணமும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட நாள். கடம்பூர் ரயில் நிலையத்தில் நல்ல மழை. தகரக் கூரையின் கீழே ஒரு பெண் போளிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாத்தூரில் இருக்கும் அக்காவுக்குக் கொண்டுபோகிறாள். "இந்த வண்டி சாத்தூர்ல நிக்குமா?" என்று என்னைக் கேட்டாள். நிற்கும் என்றேன். வண்டி வந்தபோது பெண்கள் பெட்டி வெகுதூரம் தள்ளிப்போய் நின்றது. நான் என் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி ஓடி, அவளை ஏற்றிவிட்டேன். வண்டி என் குடையோடு போய்விட்டது. அந்தக் குடையை வாங்கிவர நான் பல தடவை சாத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் குடையோடு அவளும் வந்தாள்.

கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் அந்த நாள் இருவருக்கும் சேர்த்தே கழிந்துவிட்டது. சீட்டு சட்டைப்பையில் இருக்கும்வரை, அதில் மை இருக்கும்வரை, வைத்திருக்கிறவருக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். ஏ.டி.எம். சீட்டின் மை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் நிழல் பார்த்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்த பூரணம், "யாரு வேணும் அண்ணாச்சி?" என்றாள்.

சீட்டைக் காட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தாள். "அப்ப உள்ள வாங்க. வீட்டுக்காரரை வாசல்ல நிக்க வச்சா நல்லா இருக்காது" என்று வழிவிட்டாள்.

விருந்தாளிகளுக்கு என்று வைத்திருக்கும் டம்ளரில் காபி கொடுத்தாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. "அண்ணாச்சின்னு தெரியாமச் சொல்லிட்டேன். நாளைக்கே அந்த நாள் வந்து ஏறிட்டா முறை கெட்டுப் போகும். அதனால இனி எதுவும் சொல்லிக் கூப்பிடல" என்றாள். அன்றிலிருந்து "இந்தாங்க" என்று ஆரம்பித்துப் பேசினாள். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. கூடவே ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன்தான், கொஞ்சம் பிடிவாதம். ஆனா அவரு எப்படி வந்தாருன்னு தெரியல. எப்படி வந்தாருன்னே தெரியாத ஆளை எப்படி வீட்டுக்குள்ள வச்சுக்கிட முடியும்? நீங்களே சொல்லுங்க" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். மாடியில் இருக்கும் சின்ன அறையில் எனக்குப் பாய் போட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் இதில் வேறு யாருக்கும் சங்கடம் இல்லை.

விருந்தாளியாக இருப்பதில் சில வசதிகள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். கத்தரிக்காய் பிடிக்குமா என்று கேட்டுவிட்டுச் சமைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பிடிக்காது என்றேன். "சொல்லியிருக்கலாம்ல" என்று அன்றே நிறுத்தினாள். சாயங்காலங்களில் கூடத்தில் உட்கார்ந்து, தெரியாத ஆளிடம் சொல்வதுபோல் தன் கதையை முதலிலிருந்து சொன்னாள். சின்ன வயதில் சர்க்கஸில் சேர ஆசைப்பட்டாளாம். என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை போலிருக்கிறது. நானும் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொன்னேன். வீட்டில் செல்லாத பழைய வேடிக்கைகளுக்குக்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்பக் காலமாகிவிட்டிருந்தது.

ஆனாலும் மாடிக்குப் போனதும் சீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பேன். மை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் போளி போயிற்று. அவள் கையில் ஏதோ வைத்திருந்தாள், என்னவென்று தெரியவில்லை. பிறகு ரயில் நிலையத்தின் பெயர் போயிற்று. மழை மட்டும் நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

வங்கியில் இருந்து அழைத்தபோது பூரணத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அகஸ்டினா மேடம் இப்படிச் சிக்கிக்கொண்ட நாட்களுக்கென்று உள்ள மேஜையில் இருப்பவர், பொறுமைசாலி. "உங்க நாள் கிடைச்சிருச்சு சார். ரெண்டு உருளைக்கு நடுவுல சிக்கியிருந்தது" என்று ஒரு தட்டை நகர்த்தினார். மடித்த அரை நாள் அதில் ஈரமாக இருந்தது. மேஜைமேல் தண்ணீர் கோடாக ஓடியது. அவர் ஒரு துணியால் ஒற்றிக்கொண்டார்.

"ஒரு விஷயம். நீங்க ரெண்டு பேரும் இதுக்கிடையில மறுபடியும் முதல் தடவையா பாத்துட்டீங்க. ஒரு தம்பதிக்கு ஒரு முதல் சந்திப்புதான் இருக்க முடியும். ரெண்டு இருந்தா சிஸ்டம் எடுக்காது. இதை வரவு வச்சா, சார் வாசல்ல வந்து நின்னதிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கழிஞ்சிரும். வேண்டாம்னா இது எங்க பொது இருப்புக்குப் போயிரும். என்ன செய்யலாம்?"

நான் பூரணத்தைப் பார்த்தேன். அவள் அந்த ஈர மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழையில பாத்தது எனக்குத் தெரியாது. வேகாத வெயில்ல ஒருத்தர் கையில சீட்டோட வந்து வாசல்ல நின்னாரு. அதுதான் தெரியும். தெரியாததுக்காகத் தெரிஞ்சதை எப்படிக் கொடுக்க?" என்றாள்.

எனக்கு வருத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. சீட்டை எடுத்தேன். ஒரு குடையின் வளைந்த கைப்பிடி மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் குடை யாருடையது என்று யோசித்துப் பார்த்தேன். பக்கத்தில் பூரணம், அன்று வாசலில் வந்து நின்றவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகஸ்டினா மேடம் பேனாவைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது என் சட்டைப்பையில் வெறும் வெள்ளைத்தாள் இருந்தது. அன்றே பூரணம் மாடியில் இருந்த பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்துவிட்டாள்.

பொது இருப்பில் போட்ட நாளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது யாருடைய கணக்கிலும் இல்லாததால் எடுத்தாலும் கழியாது. தீரவே தீராது. நல்ல கெட்டி மழை என்று பெயர் பரவ, ஊரே அதைத்தான் எடுக்க ஆரம்பித்தது. எல்லா வீடுகளிலும் கடம்பூர் மழை பெய்தது. நான் மேலே சொன்ன குடை, போளி, ஓட்டம் எல்லாமே இவர்கள் சொல்லிக் கேட்டதுதான். எனக்கென்று எதுவும் ஞாபகம் இல்லை.

"நேத்து உங்க வீட்டம்மா எங்க கூடத்துல வந்து வண்டி ஏறுனாக அண்ணாச்சி. நீங்க என்னா ஓட்டம் ஓடுதீக" என்று அய்யாக்குட்டி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். குருவம்மாள் தன் வீட்டில் அந்தப் பெண்ணுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்ததாகச் சொன்னாள். கடைத்தெருவில் முன்பின் பழகாதவர்கள்கூட என்னைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர்கள்போல் சிரித்தார்கள். எங்களைத் தவிர எல்லோரும் எங்கள் முதல் சந்திப்பைப் பார்த்திருந்தார்கள்.

பூரணம் இதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். "என்ன உடுத்தியிருந்தேனாம்?" என்பதுதான் அவளுடைய கவலை. பச்சைத் தாவணி என்றாள் குருவம்மாள். நீலம் என்று அய்யாக்குட்டி சத்தியம் செய்தார். ஒரு வாரம் இந்தப் பேச்சு ஓடியது. "நாமளே ஒரு அரை நாள் எடுத்துப் பாத்துருவோம்" என்று பூரணம் முடிவு செய்தாள்.

இருவரும் போய் வரிசையில் நின்றோம். வழக்கம்போல் ஆளுக்கு ஒரு பொத்தானை அழுத்தினார்கள். நாள் இந்தத் தடவை ஒழுங்காக வந்தது. வீட்டில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு விரித்தோம். கூடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் கீழே அந்தப் பெண் பொட்டலத்தோடு வந்து நின்றாள். தாவணி பச்சைதான். நனைந்த இடத்தில் நீலமாகத் தெரிந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சின்னப்பெண். புருவத்தில் மழைத்துளி நின்றது. நேராக என்னைப் பார்த்து, "இந்த வண்டி சாத்தூர்ல நிக்குமா?" என்று கேட்டாள்.

மற்ற வீடுகளில் இதற்குள் ஒரு பையன் குடையோடு வந்திருப்பான். எங்கள் வீட்டில் வரவில்லை. நான் ஏற்கனவே அங்கே இருந்ததால் அவன் வரத் தேவையில்லை போலும். வண்டி வந்தது. பெண்கள் பெட்டி சமையலறையையும் தாண்டிப் பின்வாசல் பக்கம் போய் நின்றது. நான் பையைத் தூக்கக் குனிந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"எதுக்கு இந்த மழையில அந்தப் புள்ளய விரட்டுதீக? அடுத்த வண்டியில போகட்டும்" என்றாள் பூரணம்.

அரை நாளில் ஒரு வண்டிதான் உண்டு. அது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது. வண்டி ஊதிவிட்டுப் போயிற்று. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். போளி இன்னும் சூடாக இருந்தது. ஆளுக்கு ஒன்று தின்றோம். அரை நாள் தீர்ந்ததும் மழை நின்றது, தகரக் கூரை போயிற்று, தண்டவாளம் போயிற்று. அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பூரணம் அவளுக்கு மாற்றிக்கொள்ளத் தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் ஒரே மாதிரி கொசுவம் வைத்துக் கட்டினார்கள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஒருத்தி தொடங்கிய பேச்சை இன்னொருத்தி முடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அகஸ்டினா மேடம்.

"சார், கடம்பூர் மழை எடுக்கிறவங்க எல்லாரும் புகார் சொல்றாங்க. மழை சரியா வருதாம், வண்டி வருதாம். ஒரு பையன் கையில குடையை வச்சுக்கிட்டு நிக்கிறானாம். வண்டி போனதுக்கு அப்புறமும் நனைஞ்சுக்கிட்டே நிக்கிறானாம். யாருக்காகன்னு அவனுக்கே தெரியலை போல. உங்க வீட்டுல யாராவது தங்கிட்டாங்களா?"

மேடம் சொன்னதை அப்படியே அடுப்படியைப் பார்த்துச் சொன்னேன். பூரணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"அந்தப் பையனை இங்க அனுப்பிவிடுங்க மேடம். குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.